பஞ்சின் பலம் எங்கே போகிறது?



கூமாப்பட்டி, வத்திராயிருப்புப் பக்கம் பருத்தி போட்டவர்கள் கேட்பதுண்டு: "ஐயா, ஒரே ரகம், ஒரே உரம். முதல் எடுப்புக்கு நல்ல விலை. வெடித்து ரெண்டு வாரம் செடியிலேயே கிடந்ததை மட்டும் வியாபாரி ஏன் குறைச்சுக் கேக்கிறார்?" தூசியும் சருகும் ஒரு காரணம். இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரியாது.

பஞ்சில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செல்லுலோஸ். அது குளுக்கோஸ் என்ற சர்க்கரையைக் கண்ணி கண்ணியாகக் கோத்த சங்கிலி. நல்ல பஞ்சில் ஒரு சங்கிலிக்கு 10,000 கண்ணிகள்கூட இருக்கும். ஹைட்ரஜன் அணுவின் எடையை 1 என்று வைத்தால் ஒரு கண்ணி 162. அப்படியானால் முழுச் சங்கிலி 16 லட்சத்து 20 ஆயிரம். கடும் வெயிலும், மழை ஈரத்தில் வளரும் பூஞ்சாளமும் இதை அங்கங்கே அறுத்துவிடும். நடுவில் ஒரு வெட்டு விழுந்தாலே எடை பாதி. பார்க்கப் பஞ்சு வெள்ளையாகவே இருக்கலாம். நூற்கும்போது இழை அறும்.

இந்த எடையைத் தராசில் போட முடியுமா? முடியாது. பஞ்சு தண்ணீரிலும் கரையாது. லித்தியம் குளோரைடு உப்புச் சேர்த்த தனித் திரவத்தில் கரைத்து, நுண்துளை மணிகள் நிரம்பிய குழாய் வழியே விடுகிறார்கள். சல்லடையில் சின்னதுதானே முந்தி விழும்? இங்கே தலைகீழ்! ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் சந்துக்குள் நுழையுமா? ரத வீதியிலேயே போகும். சின்னப் பிள்ளைகள்தான் ஒவ்வொரு சந்திலும் புகுந்து பிந்தி வருவார்கள். அதுபோல நீளச் சங்கிலி துளைக்குள் புகாமல் முதலில் வந்துவிடும். அறுந்த துண்டுகள் துளைதோறும் தங்கிப் பிறகு வரும். எடை தெரிந்த பொருளை முன்னதாக விட்டு, அது வரும் நேரத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடுவார்கள். இது குரோமட்டோகிராபியில் ஒரு வகை. 1959-ல் சுவீடனில் போராத், புளோடின் என்ற இருவர் இம்முறையை வெளியிட்டார்கள்.

இது ஆராய்ச்சிக்கூட வேலை. நூற்பாலையில் இழையை இழுத்தே பலம் பார்ப்பார்கள்.

நாம் செய்ய வேண்டியது வாரம் ஒரு எடுப்பு. நன்றாக வெடித்ததை மட்டும், காலை 10, 11 மணிக்குள் எடுங்கள். பனி ஈரத்தில் சருகு நொறுங்கி ஒட்டாது. அந்த ஈரத்தோடு சாக்கில் அடைக்காதீர்கள். வெயிலிலும் பரப்பாதீர்கள், செடியில் தப்பிய சங்கிலியைக் களத்தில் அறுத்த கதையாகிவிடும். நிழலில் உலர்த்துங்கள். கொட்டுப் பருத்தியைத் தனியாக வையுங்கள். ஒரு கூடை கலந்தாலும் முழுக் குவியலுக்கும் கொட்டு விலைதான் கேட்பார்கள்.