வருசப்பிறப்புக்குச் சுவர் சுரண்டாதேங்கோ



உயர்தரத்தோடு படிப்பை விட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்பவன் நான். ஆனாலும் ஒரு விசயம் சொல்லவேணும்.

ரூ பஜோலில் பழைய ரயில்வே சரக்கு மண்டபத்தை 2013இல் புதுப்பித்துத் திறந்தார்கள். கூரையிலே சூரிய மின்தகடுகள். மழைத்தண்ணி தோட்டத்துக்குப் போகுது. உள்ளே நூலகம், இளைஞர் விடுதி. சுற்றாடலுக்கு நல்ல கட்டடம்.

ஆனால் நாங்கள் குடியிருப்பது பக்கத்துப் பழைய கட்டடங்களில். போன வருசப்பிறப்புக்கு வீட்டுக்குப் பெயின்ற் அடிப்பமெண்டு யன்னலோரப் பழைய பெயின்றை நானே சுரண்டினேன். வீடெல்லாம் தூசி. தவழுகிற மகள் கையை வாயில் வைத்தாள். பிறகு இரத்தப் பரிசோதனையில் ஈயம் இருப்பதாக டொக்டர் சொன்னார். என்ர கையாலேயே செய்த வேலை அது.

1949க்கு முன் கட்டிய வீடுகளில் ஈயப் பெயின்ற் இருக்கலாம். அது பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், வெளியில் தெரியாது. அப்படியான வீட்டை வாடகைக்குத் தருபவர் ஈயப் பரிசோதனை அறிக்கை தரவேணும், அது சட்டம். பயப்படாமல் கேளுங்கோ. உரிந்த பெயின்றைச் சுரண்டாதேங்கோ. ஈரத்துணியால் துடையுங்கோ. பிள்ளையின் கையை அடிக்கடி கழுவுங்கோ. சந்தேகமெண்டால் டொக்டரிட்டைக் காட்டுங்கோ.

கூரைக்கு வெயில் பிடிக்கிற இந்த ஊரில் எங்கட சுவரையும் ஒருக்கால் பார்ப்போம்.

புத்தாண்டு வாழ்த்துக்கள்.