மணலுக்குப் பதில் மலை

(நெய்யாற்றின்கரை அங்கத்தினர் கூட்டத்தில் பேசியதிலிருந்து)

வெளியூர்களிலிருந்து வந்திருப்பவர்கள் காலையில் கிருஷ்ணஸ்வாமியைத் தரிசித்து, மார்த்தாண்ட வர்மா ஒளிந்திருந்த அம்மச்சிப் பிலாவையும் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் ஓடும் நெய்யாற்றை எத்தனை பேர் பார்த்தீர்கள்?

உலகம் முன்னேறிக்கொண்டே இருக்கிறது என்று பெரிய அறிஞர்கள் எழுதுகிறார்கள். ஸ்டீவன் பிங்கர் 2018-ல் அதற்கென்று ஒரு தடிப் புத்தகமே போட்டார். பொய்யென்று சொல்லமாட்டேன். நம் பாட்டிமார் எத்தனை சிசுக்களைப் பறிகொடுத்தார்கள்! கேரளத்தில் 2020-ல் ஆயிரம் பிறப்புக்கு 6 என்று அது குறைந்துவிட்டது. சின்ன விஷயமா?

என் சண்டை வேறு இடத்தில். ஒரு பொருள் தீர்ந்தால் மனித புத்தி இன்னொன்றைக் கண்டுபிடித்துவிடும் என்கிறார்களே, அங்கே. 1980-ல் பொருளாதார நிபுணர் ஜூலியன் சைமன், உயிரியல் அறிஞர் பால் எர்லிக்குடன் பந்தயம் கட்டினார். ஐந்து உலோகங்களின் விலை பத்து வருஷத்தில் ஏறுமா, இறங்குமா? பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்ததில் 1990-ல் இறங்கியிருந்தது. எர்லிக் 576 டாலர் சொச்சத்துக்குச் செக் அனுப்பினார். இன்றும் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள்.

உலோகத்துக்குச் சந்தை விலை உண்டு. ஆற்று மணல் பிடித்துவைக்கும் தண்ணீருக்கு எந்தச் சந்தையில் விலை? வீடு கட்ட வீடு கட்ட நெய்யாற்று மணலை அள்ளினோம். 2001-ல் கேரள அரசு மணல் வாரலுக்குச் சட்டமே போட வேண்டிவந்தது. மணல் போனால் ஆற்றின் அடி தாழும். கரையோரக் கிணறுகளிலும் நீர் கூடவே இறங்கும், கரை இடியும்.

பிறகு எம்-சாண்ட் வந்தது. சைமன் மறுபடி ஜெயித்தார்! ஆனால் அது ஆகாசத்திலிருந்தா விழுகிறது? மலையை உடைத்துப் பாறையை அரைத்ததுதானே. பாறசாலையில் ரோடோரம் கொஞ்ச நேரம் நின்றால் களியக்காவிளை தாண்டி வரும் கல் லாரிகளைப் பார்க்கலாம். விழிஞ்ஞம் துறைமுகத்தின் மூன்று கிலோமீட்டர் அலைதடுப்புச் சுவருக்கும் கன்யாகுமரி ஜில்லாக் கல் போயிற்று. மணலுக்குப் பதில் மலை, சரி. மழையை வாங்கி ஆற்றுக்குத் தருகிற மலைக்குப் பதில் எது என்று எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

ஊருக்கு உபதேசம் செய்ய எனக்கு யோக்யதை குறைவுதான். நான் வீடு கட்டியதும் ஆற்று மணலில்தான். இப்போது எங்கள் கிணற்றில் மூன்று உறை கூடுதலாக இறக்கியிருக்கிறோம். மணல் எந்தக் கடவில் அள்ளியது என்று அன்று கொத்தனாரிடம் நான் கேட்கவில்லை.