விலையும் பெறுமதியும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விலையுயர்ந்த கணினிகளும் கையடக்கத் தொலைபேசிகளும் தம் விலைக்குத் தகுதியுடையனவா என்னும் பொருள் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு என்னைப் பணித்துள்ளார்கள். இப்பொருளில் இச்சபை இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கின்றது என்பதை நான் அறிவேன். பின்வரிசையில் நிற்கும் வாலிபர்கள், "நல்ல பொருளுக்கு நல்ல விலை கொடுக்கத்தான் வேண்டும்" என்பர். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்கள், "பேசுவதற்கு ஒரு கருவி, அதற்கு மூன்று இலட்சம் ரூபாவா?" என்பர். இரு கட்சியாரும் இவ்வழக்கை வீட்டிலே பலமுறை வாதித்துக் களைத்தபின்னரே இங்கு வந்திருக்கின்றனர்.

இது வெறும் வேடிக்கை வழக்கன்று. தாயாருடைய காப்பை அடைவு வைத்தும், வெளிநாட்டில் இரவு பகலாக உழைக்கும் தமையனை நெருக்கியும், மாதத் தவணைப் பத்திரத்திற் கையொப்பமிட்டும் இக்கருவிகளை வாங்குவோர் எம்மிடையே உளர். மறுபுறத்தில், படிப்புக்கும் தொழிலுக்கும் உண்மையாகவே வேண்டியதொரு கணினியை, "வீண் செலவு" என்று மறுத்துப் பிள்ளையின் வழியை அடைத்துவிடும் வீடுகளும் உள. இரண்டும் நட்டமே. ஆதலின் விலை என்பது எவற்றுக்காகக் கொடுக்கப்படுகின்றது என்பதைச் சற்றுப் பகுத்துப் பார்ப்போம்.

உதாரணத்துக்கு ஒரு கம்பனியையே எடுத்துக்கொள்கின்றேன். உயர்ந்த விலை என்றதும் எல்லோர் நினைவுக்கும் வருவது அமெரிக்காவிலுள்ள அப்பிள் கம்பனியே. அக்கம்பனி 1984 ஆம் ஆண்டில் மக்கின்ரொஷ் என்னும் கணினியை 2,495 டொலருக்கு விற்றது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த ஐ.பி.எம். கணினியின் தொடக்க விலை 1,565 டொலர். 2007 இல் வந்த முதல் ஐபோன், தொலைபேசிக் கம்பனியோடு இரண்டு ஆண்டு உடன்படிக்கை செய்துகொண்டாலும் 499 டொலரிலிருந்தே கிடைத்தது. 2017 இல் வந்த ஐபோன் எக்ஸ் 999 டொலராயிற்று. உயர்ந்த விலை என்பது அக்கம்பனிக்குப் பழகிய வழக்கம்.

இத்தகைய விலையிலே மூன்று பங்குகள் கலந்திருக்கின்றன என்பது என் எண்ணம். ஒன்று, வேலைப்பாட்டின் விலை. இரண்டு, ஆயுளின் விலை. மூன்று, பெருமையின் விலை. முதலிரண்டும் நியாயமானவையாக இருக்கலாம். மூன்றாவதையே நாம் அடையாளம் கண்டு ஒதுக்கவேண்டும்.

முதலில் வேலைப்பாட்டை நோக்குவோம். மேற்சொன்ன மக்கின்ரொஷ் கணினியில் இருந்த நினைவகம் 128 கிலோபைற்று. 2020 ஆம் ஆண்டு நவம்பரில் அதே கம்பனி மக்புக் எயார் என்னும் மடிக்கணினியொன்றை 999 டொலருக்கு வெளியிட்டது. அதன் நினைவகம் 8 கிகாபைற்று. அஃதாவது முன்னையதைப்போல 65,536 மடங்கு. அதுவரை இன்ரெல் கம்பனியிடம் வாங்கிய சில்லுகளையே தன் மடிக்கணினிகளிற் பொருத்தி வந்த அப்பிள், இம்முறை எம் 1 என்னும் சில்லைத் தானே வகுத்து, தைவானிலுள்ள ரி.எஸ்.எம்.சி. ஆலையிற் செய்வித்தது. நகத்தளவான அச்சில்லில் 1,600 கோடி திரான்சிஸ்ரர்கள் அடங்கியிருக்கின்றன. அக்கணினிக்குள்ளே காற்றாடி இல்லை. ஆதலின் இரைச்சலும் இல்லை. அதற்கு முன்னிருந்த மாதிரியின் விலையும் அதே 999 டொலர்தான். வேகம் மிகுந்தது, விலை ஏறவில்லை. இவ்விடத்தில் கேட்கப்பட்ட விலைக்கு வேலைப்பாடு இருந்தது என்பதை நாம் ஒப்புக்கொள்ளவே வேண்டும். "அது வெறும் பெயருக்குக் கொடுக்கும் காசு" என்று எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடும் பெரியோர்கள் இதனைக் கருத்திற் கொள்வார்களாக.

இரண்டாவது ஆயுள். ஒரு தொலைபேசியின் ஆயுள் அதன் கண்ணாடியிலும் பற்றறியிலும் மாத்திரம் இல்லை. கள்வர் புகும் ஓட்டைகளை அடைப்பதற்குக் கம்பனியார் அவ்வப்போது அனுப்பும் மென்பொருட் திருத்தங்களிலும் இருக்கின்றது. வங்கிக் கணக்கைத் தொலைபேசியில் வைத்திருப்பவனுக்கு இத்திருத்தம் வீட்டுக் கதவின் பூட்டுப் போன்றது. 2015 இல் வந்த ஐபோன் 6எஸ் 2021 இல் வெளியான புதிய மென்பொருளையும் பெற்றது. 2013 இல் வந்த ஐபோன் 5எஸ்ஸுக்கு 2023 ஆம் ஆண்டிலும் ஒரு பாதுகாப்புத் திருத்தம் அனுப்பப்பட்டது. மலிவான தொலைபேசிகள் பல இரண்டு மூன்று ஆண்டுகளில் கைவிடப்பட்ட காலத்தில் இது பெரிய வேறுபாடு.

ஆனால், அன்பர்களே, அக்காலம் மாறிவருகின்றது. 2023 இல் கூகிள் கம்பனியும், 2024 இல் சாம்சுங் கம்பனியும் தம்முடைய உயர்ந்த தொலைபேசிகளுக்கு ஏழு ஆண்டுத் திருத்தங்களை வாக்களித்தன. அதனிலும் முக்கியமானது, சாம்சுங்கின் கலக்சி ஏ16 5ஜி என்னும் தொலைபேசிக்கு ஆறு ஆண்டுகள் வாக்களிக்கப்பட்டமையாகும். அமெரிக்காவில் அது வெளிவந்தபோது அதன் விலை 200 டொலர் அளவாகவே இருந்தது. நீண்ட ஆயுள் செல்வர்க்கு மாத்திரம் உரியதாக இருந்த நிலை இவ்வாறு தளர்கின்றது.

மூன்றாவது பங்காகிய பெருமையின் விலைக்கு வருவோம். 2015 ஆம் ஆண்டில் அப்பிள் கம்பனி கைக்கடிகார வடிவிலே ஒரு சிறு கணினியை வெளியிட்டது. அலுமினிய உறையுடையது 349 டொலர். பதினெட்டுக் கரட் பொன்னுறையுடையது 10,000 டொலரிலிருந்து தொடங்கியது. இரண்டின் உள்ளேயும் இருந்த சில்லு ஒன்றே. மூன்று ஆண்டுகள் கழிந்தன. 2018 இல் வந்த புதிய மென்பொருள் அம்முதற் கடிகாரங்களுக்கு வழங்கப்படவில்லை. பொன்னுக்கும் இல்லை, அலுமினியத்துக்கும் இல்லை. எங்கள் பாட்டிமார் வாங்கிய பொன் பேத்திமார் கழுத்திலும் கிடக்கின்றது. கணினியைச் சுற்றி உறையாக்கிய பொன்னோ மூன்று ஆண்டில் மூப்படைந்தது. பொன் பழுதாகவில்லை, அதனுள்ளே வைத்த பொருள் பழசாயிற்று.

இதே கம்பனி 2019 இல் விலைமிக்க கணினித் திரையொன்றை அறிவித்தபோது, அத்திரையை நிறுத்தும் தாங்கிக்குத் தனியாக 999 டொலர் கேட்டது. ஒரு மடிக்கணினியின் விலை! 2021 இல் திரை துடைக்கும் துணியொன்றை 19 டொலருக்கு விற்றது. இவற்றைக் கேட்டு நீங்கள் சிரிக்கின்றீர்கள். இவற்றிலும் நுட்பமானது ஒன்று உண்டு. மக்புக் எயாரின் நினைவகத்தை 8 கிகாபைற்றிலிருந்து 16 ஆக்குவதற்கு 200 டொலர் மேலதிகமாக வாங்கினர். நினைவகம் சில்லோடு இணைத்தே செய்யப்படுவதால், பின்னர் வெளியில் வாங்கிப் பொருத்தவும் வழியில்லை. வாங்கும் நாளிலேயே கொடுத்தாக வேண்டும். 2024 ஒக்டோபரில் அடிப்படை மாதிரிக்கே 16 கிகாபைற்றை வழங்கினர். விலையை ஒரு டொலர்கூட உயர்த்தவில்லை. செப்டெம்பரில் 200 டொலர் பெறுமதி என்றிருந்தது ஒக்டோபரில் விலையின்றி வந்ததாயின், அந்த 200 டொலரில் எவ்வளவு பொருளின் விலை, எவ்வளவு வேறு வழியில்லாமையின் விலை என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இனி, ஒரு பொருள் அதன் விலைக்குத் தகுமா என்பதை அறிய எளிய கணக்கொன்று சொல்கின்றேன். இதற்குக் கணினி வேண்டாம். பள்ளிக்கூட வகுத்தல் போதும். விலையை, அப்பொருளை வைத்திருக்கப்போகும் ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். 999 டொலர்த் தொலைபேசியை ஆறு ஆண்டு வைத்திருப்பவனுக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 166 டொலர். அதனையே இரண்டு ஆண்டில் மாற்றுபவனுக்கு 499 டொலர். பழையதை விற்று ஒரு பங்கை மீட்டாலும் வேறுபாடு பெரிதே. 200 டொலர்த் தொலைபேசியை ஆறு ஆண்டு வைத்திருப்பவனுக்கு 33 டொலர்.

இக்கணக்கு இரண்டு உண்மைகளைக் காட்டுகின்றது. உயர்ந்த விலையை நியாயமாக்குபவன் செய்தவன் மாத்திரமல்லன், வைத்திருப்பவனுமாவான். நீடித்து உழைக்கும் பொருளை நீடித்து வைத்திராதவன், ஆயுளுக்குக் காசு கொடுத்துவிட்டு ஆயுளை வீசி எறிகின்றான். பெருமைக்காக வாங்குபவனே விரைவில் மாற்றுபவன். அடுத்த மாதிரி வந்த அன்றே அவனுடைய பெருமை போய்விடுகின்றது. மற்றையது, ஆண்டொன்றுக்கு மேலதிகமாகக் கொடுக்கும் 133 டொலருக்கு அவன் செய்யும் வேலை யாது என்ற வினா. கலியாண வீடுகளிற் படம் பிடித்து உழைப்பவனுக்கும், அசையும் படங்களைத் தொகுப்பவனுக்கும், மென்பொருள் எழுதுபவனுக்கும் விடை இருக்கின்றது. செய்தி வாசித்து, பாட்டுக் கேட்டு, உறவினரோடு பேசுபவனுக்கு விடை இல்லை.

எம் நாட்டில் இக்கணக்கு இன்னும் கடுமையானது. 2022 மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர், மே மாதத்துள் 350 ரூபாவைக் கடந்தது. கலிபோர்னியாவில் விலை ஏறாதிருக்கவே, இங்கே அது இரண்டு இலட்சத்திலிருந்து மூன்றரை இலட்சமாயிற்று. 2024 முதல் பெறுமதி சேர் வரி 18 வீதம். அமெரிக்கத் தொழிலாளி ஒருவன் சில நாட் சம்பளத்தில் வாங்குவதை இங்குள்ள ஓர் ஆசிரியர் பல மாதச் சம்பளத்தில் வாங்கவேண்டும். டொலரில் நியாயமான விலை ரூபாவிலும் நியாயமாக இருக்கவேண்டும் என்பதில்லை. விரலுக்குத் தக்க வீக்கம் என்றனர் முன்னோர்.

பெரியோர்களுக்கு ஒரு வார்த்தை. "எங்கள் காலத்தில் இப்படி விலை கொடுத்தோமா?" என்று கேட்கின்றீர்கள். கொடுத்தீர்கள்! யாழ்ப்பாணத்தில் வேறு சைக்கிள்கள் மலிவாகக் கிடைக்கவும், இங்கிலாந்திற் செய்த றலி சைக்கிளுக்கு ஆசைப்பட்டு அதிக விலை கொடுத்தவர்கள் உங்கள் தந்தையர். அவர்கள் ஏமாளிகள் அல்லர். தந்தை ஓடிய சைக்கிளை மகனும் ஓடினான். 1990 ஆம் ஆண்டின் பின் எரிபொருள் வராத நாட்களில் நோயாளியையும் நெல்லு மூட்டையையும் சைக்கிள்களே சுமந்தன. ஆனால் அச்சைக்கிளின் விலையை நியாயமாக்கியது அதன் பெயர் மாத்திரமன்று. சில்லு நெளிந்தால் நிமிர்த்தவும், சங்கிலி அறுந்தால் பூட்டவும் சந்திக்குச் சந்தி ஒரு கடை இருந்தது. அதைத் திருத்தக் கூடாதென்று எவரும் பூட்டி அனுப்பவில்லை.

இக்காலக் கருவிகளிற் பெருங்குறை இங்கேதான் இருக்கின்றது. 2017 டிசம்பரில், பற்றறி மூப்படைந்த ஐபோன்கள் திடீரென நின்றுபோகாதிருப்பதற்காக அவற்றின் வேகத்தை மென்பொருளாற் குறைத்ததை அப்பிள் கம்பனி ஒப்புக்கொண்டது. உரியவர்களுக்கு அது தெளிவாகச் சொல்லப்படவில்லை. தம் தொலைபேசி கெட்டுவிட்டதென எண்ணிப் புதியது வாங்கினோர் உளர். புதிய பற்றறி ஒன்றே போதுமாயிருந்தது! கண்டனம் எழுந்தபின் பற்றறி மாற்றும் கூலியை 79 டொலரிலிருந்து 29 டொலராகக் குறைத்தனர். 2020 இல் பிரான்சு நாட்டில் 2 கோடியே 50 இலட்சம் யூரோ தண்டமும், அமெரிக்க வழக்கொன்றில், குற்றத்தை ஏற்காமலே, 50 கோடி டொலர் வரை கொடுக்கும் உடன்பாடும் ஏற்பட்டன. 2025 ஜூன் மாதம் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் தொலைபேசிகளின் பற்றறி 800 தடவை மின்னேற்றிய பின்னும் நூற்றுக்கு 80 பங்கு கொள்ளளவைக் காக்கவேண்டும். உதிரிப் பாகங்களும் ஆண்டுக்கணக்கிற் கிடைக்கவேண்டும் எனச் சட்டம் வந்துள்ளது. உயர்ந்த விலை கேட்பவன் நீண்ட ஆயுளுக்குப் பிணை நிற்கவேண்டும் என்பதே அச்சட்டத்தின் கருத்து. அது நியாயமான கருத்து.

ஆதலின், வாலிப அன்பர்களே, வாங்குமுன் நான்கு வினாக்களைக் கேளுங்கள். இதனால் நான் செய்யப்போகும் வேலை யாது? எத்தனை ஆண்டு வைத்திருப்பேன்? அத்தனை ஆண்டும் திருத்தம் வருமா, பற்றறி மாற்றலாமா? இதற்குரிய பணம் யாருடைய உழைப்பிலிருந்து வருகின்றது? முதல் மூன்றுக்கும் நல்ல விடை இருந்து, நான்காவதைத் தாயார் முன்னிலையிற் கூசாமற் சொல்ல முடியுமாயின், தயங்காமல் வாங்குங்கள், வாங்கியதைப் பேணுங்கள். முடியாதாயின் நடுத்தர விலையில் ஒன்றையோ, நன்றாக உழைக்கும் பழையது ஒன்றையோ வாங்குங்கள். அதில் இழிவு ஏதுமில்லை.

பெரியோர்களே, நீங்களும் பிள்ளை கேட்டவுடன் விலையைக் கேட்டு வெகுளாது, வேலையைக் கேளுங்கள். வேலைக்கு வேண்டியதெனின், கலியாணப் பந்தலுக்குச் செலவிடுவதில் ஒரு பங்கை அக்கருவிக்குச் செலவிடுவதிற் குற்றமில்லை. பெருமைக்காகச் செலவிடும் பழக்கத்தை வாலிபர்கள் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. பந்தலிலும் மேளத்திலும் நாம் காட்டியதையே அவர்கள் கண்ணாடிக் கருவியிற் காட்டுகின்றனர்.

கடைக்காரன் சொல்வது விலை. பெறுமதியை அவனாற் சொல்ல முடியாது. அதனை நாம் அப்பொருளைக்கொண்டு செய்யும் வேலையும், அதனை வைத்திருக்கும் ஆண்டுகளுமே சொல்லும்.