கிளாசில் தெரியும் கொழுந்து



சீனாவின் ஹாங்சோ நகரில், மேற்கு ஏரியை அடுத்த மலைகளில் விளையும் பச்சைத் தேயிலை லோங்ஜிங். ஏப்ரல் 5ஆம் திகதியளவில் வரும் சிங்மிங் நாளுக்கு முன் பறித்த இளங்கொழுந்துக்கு விலை அதிகம். அதைச் சூடான இரும்புச் சட்டியில் கையால் அழுத்தி வறுப்பார்கள். இலை தட்டையாகும், பச்சை மாறாது.

ஊற்றுவது இப்படி: கண்ணாடிக் கிளாசில் 3 கிராம் இலை, 150 மில்லிலீற்றர் தண்ணீர். கொதித்த தண்ணீரை 80 பாகை செல்சியசுக்கு ஆறவிட வேண்டும்; கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கசக்கும். பாலும் சீனியும் வேண்டாம். இரண்டு நிமிடத்தில் வறுத்த பயற்றின் வாசம் வரும். நாக்கில் மெல்லிய இனிப்பு நிற்கும். அதே இலையில் மூன்று முறை ஊற்றலாம்.

இதை ஏன் சொல்கிறேன்? தண்ணீரில் இலை விரிந்ததும், குருத்தும் இலையும் பறித்தபடியே தெரியும். முற்றல் இலையை அங்கே மறைக்க முடியாது. பறித்த கையின் திறமை குடிப்பவருக்குத் தெரிகிறது.

நாம் பறிக்கும் கொழுந்து தொழிற்சாலையில் நொறுங்கித் தூளாகிறது. தராசு கிலோவை மட்டும் காட்டுகிறது. இளங்கொழுந்தைத் தேர்ந்து பறிப்பதும் திறமையான தொழில்தான். அடுத்த சம்பளப் பேச்சில் கிலோவோடு அதற்கும் விலை கேட்போம்.