பரணில் பித்தளைக் குழல் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள்

(சென்ற காலாண்டுக் கூட்டம் முடிந்த பிறகு மொட்டை மாடியில் பேசியது. வர முடியாதவர்களுக்காக எழுதித் தரும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார்.)

பராமரிப்புத் தொகை, தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் எல்லாம் பேசி முடித்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். நன்றி. சுண்டல் இன்னும் வரவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

போன வருடம் நம் வாட்ஸாப் குழுவில் ஒருவர், “பி பிளாக்கில் யாராவது எருமைக் கன்று வளர்க்கிறீர்களா?” என்று கேட்டிருந்தார். இரண்டு நாள் விசாரணை நடந்தது. அந்தக் கன்று நான்தான். அதற்கு விளக்கம் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. கூடவே ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

இதோ, என் கையில் இருப்பது கார்னெட். பார்த்தவுடன் டிரம்பெட் என்பீர்கள். தவறில்லை. இரண்டுக்கும் குழாயின் நீளம் ஏறக்குறைய ஒன்றுதான், நான்கரை அடி. கார்னெட்டில் அதை இன்னொரு சுற்று சுற்றிக் கையடக்கமாக ஆக்கியிருப்பார்கள். டிரம்பெட்டின் குழாய் பெரும்பகுதி ஒரே விட்டத்தில் ஓடிக் கடைசியில்தான் விரியும். கார்னெட்டில் அதிக தூரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்துகொண்டே வரும். அதனால்தான் டிரம்பெட்டின் சத்தம் முகத்தில் வந்து அடிக்கிறது, கார்னெட்டின் சத்தம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறது. என் வீட்டுக்கு மேல் வீட்டில் இருப்பவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நாகஸ்வரத்துக்குச் சீவாளி உண்டு, கிளாரினெட்டுக்கு ரீட் உண்டு. இதற்கு அப்படி எதுவும் கிடையாது. உதடுதான் சீவாளி. நம் சங்கு, கொம்பு, எக்காளம், திருச்சின்னம் எல்லாம் இந்த ஜாதிதான். உதட்டை இறுக்கி அதிரவிட்டு ஊதினால், ஒரு பொத்தானையும் தொடாமலே ஸட்ஜம், பஞ்சமம், மேல் ஸட்ஜம், அந்தர காந்தாரம், மேல் பஞ்சமம் என்று வரும். நடுவில் விட்டுப்போன ஸ்வரங்களைப் பிடிக்கத்தான் இந்த மூன்று பிஸ்டன்கள். ஒன்றை அழுத்தினால் காற்று கூடுதலாக ஒரு சுற்று சுற்றி வரும், ஸ்வரம் இறங்கும். பிஸ்டனைப் பாதி மட்டும் அழுத்தி ஸ்வரத்தை வழுக்கவும் வைக்கலாம். நம் ஊர் பேண்டு செட்காரர்கள் சினிமாப் பாட்டில் கமகம் மாதிரி ஒன்றைக் கொண்டுவருவது இப்படித்தான். வெள்ளைக்காரன் புத்தகத்தில் அதைச் செய்யாதே என்றுதான் இருக்கும்.

குழந்தைகள் எப்போதும் கேட்கும் கேள்விக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். இந்தச் சின்னச் சாவியைத் திறந்தால் சொட்டுவது எச்சில் அல்ல. பெரும்பாலும் மூச்சுக்காற்றின் ஈரம் குளிர்ந்து நீரானது. பெரும்பாலும் என்றுதான் சொன்னேன்.

இது பாரிஸில் பிறந்தது. 1820களின் கடைசியில், தபால் வண்டிக்காரர்கள் ஊதிய வளைந்த கொம்புக்குப் பிஸ்டன் பொருத்திப் பார்த்தார்கள். பெரினே என்பவர் 1830களின் கடைசியில் அந்தப் பிஸ்டனைத் திருத்தினார். இன்று வரை உலகம் முழுக்க அதே அமைப்புதான், பெயரும் பெரினே வால்வுதான். அர்பான் என்ற பாரிஸ்காரர் 1864-ல் எழுதிய பயிற்சி நூலை இன்றும் கார்னெட், டிரம்பெட் பழகுகிறவர்கள் முதலில் எடுக்கிறார்கள். என்னிடமும் இருக்கிறது. தொடக்கப் பக்கங்களைத் தாண்டவில்லை. ஜாஸ் இசையும் இதில்தான் நடை பழகியது. 1923-ல் லூயி ஆம்ஸ்ட்ராங் முதன்முதலாக இசைத்தட்டில் பதிந்தபோது அவர் கையில் இருந்தது டிரம்பெட் அல்ல, கார்னெட்.

பாண்டிச்சேரிக்காரர்களுக்கு பேண்டு வாத்தியத்தை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஜூலை 13 இரவு விளக்கேந்திய ஊர்வலத்தையும், மறுநாள் கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்தில் இரண்டு தேசிய கீதங்களும் ஒலிப்பதையும் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே பாதிப் பேர். வில்லியனூர் லூர்து மாதா தேர்பவனியின் பின்னால் பேண்டோடு நடந்தவர்கள் மீதிப் பேர். ஆனால் கல்யாணத்துக்குப் பேண்டு செட் வைப்பது குறைந்துவிட்டது. இப்போது செண்டை மேளம், இல்லையென்றால் டிஜே. செட் கலைந்தால் வாத்தியங்கள் எங்கே போகும்? எடைக்குப் போகும். ஒரு கார்னெட்டின் எடை ஒரு கிலோ சொச்சம். பழைய பித்தளை விலைக்குச் சில நூறு ரூபாய்.

என்னிடம் மூன்று கார்னெட்டுகள் இருக்கின்றன. ஒன்று மீரட்டில் செய்தது. பேண்டு வாத்தியத்துக்கு அந்த ஊர்தான் இந்தியாவின் தலைநகரம். ஜாலி கோட்டி என்ற தெருப்பக்கம் போனால் கடைக்குக் கடை பித்தளைக் குழல்கள். இரண்டாவது லண்டனில் செய்தது. அது நன்றாக ஊதும், ஆனால் யாரோடும் சேராது. போன பொங்கல் விழாவில் சி பிளாக் பையன் கீபோர்டு வாசிக்க நான் ஊதினேன் அல்லவா, அப்போது எல்லோரும் என்னையே பார்த்தீர்கள். குற்றம் முழுக்க என்னுடையது அல்ல. இப்போது உலகம் சுருதி வைப்பது 440-ல். பழைய பிரிட்டிஷ் பேண்டுகள் 452 பக்கம் வைத்தார்கள். அரை ஸ்வரத்தில் ஏறக்குறைய பாதி கூடுதல். 1960கள் வரை அங்கே இந்த வழக்கம் இருந்தது. பிரான்சில் 1859-லேயே 435 என்று அரசாணை போட்டுவிட்டார்கள். ஆகவே பழைய குழல் வாங்கும்போது அது எந்த ஊர்ச் சுருதிக்குப் பிறந்தது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஸ்லைடை இழுத்துக் கொஞ்சம் சரிக்கட்டலாம். நிறைய இழுத்தால் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று சண்டை போடும்.

மூன்றாவதுதான் இது. இதைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன்.

வில்லியனூர் பக்கம் ஒரு பெரியவர். ஐம்பது வருடம் பேண்டு வாசித்தவர். முன் பற்கள் விழுந்துவிட்டன. கார்னெட்காரருக்கு முன் பல் போவது, தவில்காரருக்குக் கை போவது போல. உதட்டுக்குப் பின்னால் தாங்க ஒன்றும் இல்லையென்றால் காற்று மட்டும்தான் வரும். “இருந்தா பாத்துக்கிட்டே இருப்பேன் தம்பி, எடுத்துக்கிட்டுப் போயிடு” என்று கொடுத்தார். அவருடைய சித்தப்பா வாசித்ததாம். கறுத்துப் போய், பெல்லின் விளிம்பில் ஒரு ஒடுக்கோடு இருந்தது. கொடுத்த பணத்தை எண்ணக்கூட இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்து, ஒரு பாலிஷ் பட்டறையில் கொடுத்து, ஒடுக்கு எடுத்து, மோட்டாரில் வைத்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் எல்லோரும் தங்கம் போல இருக்கிறது என்றார்கள். மறுநாள் வெளிச்சத்தில்தான் பார்த்தேன். பெல்லில் பொறித்திருந்த முத்திரை பாதி அழிந்திருந்தது. கூனோன் என்ற பெயர் தெரிகிறது. அதன் கீழே ‘94, ரூ தாங்குலேம், பாரிஸ்’ என்ற முகவரியைத் தடவிப் படிக்கலாம். ஆண்டு போய்விட்டது. கூனோன் கம்பெனி தன் குழல்கள் பலவற்றில் செய்த வருடத்தையே பொறித்துவைக்கும். பழைய கார்னெட் சேர்க்கிறவர்கள் அந்த எண்ணைத்தான் முதலில் தேடுவார்கள். என்னுடையதில் அந்த இடம் வழவழவென்று இருக்கிறது.

முகவரி கொஞ்சம் காப்பாற்றியது. அந்த 94ஆம் எண் கட்டடத்தை 1930களின் பிற்பாதியில் உலோகத் தொழிலாளர் சங்கம் வாங்கிவிட்டது. அந்தச் சங்கத் தலைவர்களில் ஒருவரான ழான் பியேர் தேம்போவை 1941 அக்டோபரில் ஜெர்மானியர்கள் பிணைக்கைதியாகச் சுட்டுக் கொன்றார்கள். பின்னர் தெருவுக்கே அவர் பெயர் வைக்கப்பட்டது. இன்று பாரிஸ் வரைபடத்தில் ரூ தாங்குலேம் இல்லை. ஆகவே இந்தக் குழல் அந்தப் போருக்கு முன்னால் பிறந்தது என்று சொல்லலாம். எந்த வருடம் என்று இனி யாராலும் சொல்ல முடியாது, என் பாலிஷ் ஆசையால்.

பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கினார், திருப்பினார், பெல்லின் விளிம்பில் கட்டைவிரலை வைத்துத் தடவினார். அந்த ஒடுக்கைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. ஏதோ ஒரு தேர்பவனியில் கீழே விழுந்து ஆனதாம். “இது என்னுதா தம்பி?” என்று கேட்டார். என்ன பதில் சொல்வது? ஆமாம் ஐயா என்றேன். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டார். ஊதவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போது வலது கை விரல்கள் மூன்றும் பிஸ்டன்மேல் தானாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. என்ன பாட்டு என்று கேட்டேன். சிரித்தார், சொல்லவில்லை.

அதிலிருந்து எந்தக் குழல் வந்தாலும் நான் தேய்ப்பதில்லை. உங்கள் வீட்டுப் பரணில், அல்லது ஊரில் தாத்தா வீட்டில் இப்படி ஏதாவது கிடக்கலாம். இந்த ஊரில் பட்டாளத்துக்குப் போகாத குடும்பம் எத்தனை? கிடைத்தால் முதலில் போட்டோ எடுங்கள், எழுத்துகள் எல்லாம் தெரியும்படி. புளி வேண்டாம், பிராஸோ வேண்டாம். வெள்ளி முலாம் பூசியதென்றால் முலாமே போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போதும், அதுவும் உள்ளே பூச்சி, தூசி எல்லாம் போவதற்காக. கழுவாமல் வாயில் வைக்காதீர்கள். மவுத்பீஸ் இறுகியிருந்தால் குறடு போட்டுத் திருகாதீர்கள், குழாய் முறுக்கிக்கொள்ளும். பிஸ்டன் நகரவில்லையென்றால் எண்ணெய் விட்டு நான்கு நாள் பொறுங்கள். வெளியே எடுத்தால் மூன்றிலும் 1, 2, 3 என்று எண் இருக்கும். மாற்றிப் போட்டால் காற்றே போகாது, குழல் கெட்டுப்போனது என்று நினைத்து எறிந்துவிடுவீர்கள். ஒடுக்கு இருந்தால் இருக்கட்டும், காற்றுப் போகும் வழியை அடைக்காத ஒடுக்கு சத்தத்தைக் கெடுப்பதில்லை. இளஞ்சிவப்பாகப் புள்ளிகள் தெரிந்தால் மட்டும் கவலைப்பட வேண்டும். பித்தளையிலிருக்கும் துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் மிஞ்சும் இடம் அது. பெரும்பாலும் உள்ளேயிருந்து, வாசித்தவரின் மூச்சு ஈரத்தால் அரித்து வருவது. அந்தத் துண்டுக் குழாயை மாற்ற வேண்டியிருக்கும்.

யாருடையது, எந்த ஊர்ப் பேண்டில் வாசித்தார் என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் போட்டுவையுங்கள். விற்க வேண்டுமென்றால் என்னிடம்தான் விற்க வேண்டும் என்பதில்லை. பேண்டு வாசிக்கிற பையன்களுக்குக் கொடுத்தாலும் நல்லது. புதுக் குழல் வாங்க அவர்களுக்கு எளிதில் கட்டுப்படியாகாது.

எருமைக் கன்று விஷயம். இனிமேல் மாலை ஐந்திலிருந்து ஆறு வரை, மேலே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கோரிமேடு பக்கம் பார்த்து ஊதுவேன். மழை பெய்தால் அறைக்குள், பெல்லில் அடைப்பான் வைத்து, திறந்த துணி அலமாரிக்குள் ஊதுவேன். தொங்குகிற சேலைகள் சத்தத்தை எவ்வளவு குடிக்கின்றன என்று நீங்களே வந்து பார்க்கலாம், என் மனைவி அனுமதித்தால். பிப்ரவரி, மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தேர்வு முடிக்கும் வரை எடுக்கமாட்டேன். ஊதிப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வரலாம், மீரட் குழலைத் தருகிறேன். மவுத்பீஸ் மட்டும் ஆளுக்கு ஆள் கழுவித்தான் தருவேன்.