விளையாட்டு வீரரும் விளம்பர வெளிச்சமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



‘விளையாட்டு வீரர்கள் நம் மக்களுக்கு வழிகாட்டிகள் ஆவரோ?’ என்பது செயற்குழுவினர் நமக்கு இட்ட தலைப்பு. ஆவர் என்றோ ஆகார் என்றோ ஒரே சொல்லில் விடையிறுத்துவிட்டு அமர்ந்துவிடலாம். அடுத்துச் சிறுவர் நாடகம் காத்திருப்பதால், சபையினர் அதனை மகிழ்ச்சியோடு வரவேற்கவும் கூடும். ஆயினும், நம் பிள்ளைகள் படிக்கும் மேசைக்கு மேலே ஒட்டப்பட்டிருக்கும் படங்களைப் பார்க்கும் பெற்றோர் எவருக்கும் இது விளையாட்டான வினா அன்று. ஆகவே சற்றே விரித்துச் சொல்ல விரும்புகின்றோம்.

பொதுப்படப் பேசுவதினும் ஒருவரை எடுத்துக்கொண்டு பேசுவது நன்று. நாம் வாழும் இந்த மாநிலத்தின் தலைநகராகிய ராஞ்சியில் 1981-ஆம் ஆண்டு பிறந்த மகேந்திர சிங் தோனியையே எடுத்துக்கொள்வோம். அவருடைய தந்தையார் பான் சிங், அல்மோராப் பகுதியின் மலையூர் ஒன்றிலிருந்து பிழைப்பை நாடி வந்தவர். மெக்கான் நிறுவனத்தில் வேலை. நிறுவனக் குடியிருப்பில் வீடு. பிறந்த மண்ணை விட்டு வந்து, கம்பெனி குவார்ட்டர்சில் குடியேறி, பிள்ளையை அருகிருந்த பள்ளியில் சேர்த்து, மாதச் சம்பளத்தில் காலந்தள்ளிய குடும்பம். இவ்வரலாறு நம்முள் யாருக்குப் புதிது? நாம் தமிழகத்திலிருந்து இம்மாநிலத்திற்கு வந்தோம். இம்மாநிலத்துப் பிள்ளையோ 2008-இல் 15 இலட்சம் டாலர் ஏலத்தில் சென்னை அணிக்குச் சென்று, அங்குள்ளோர் வாயால் ‘தல’ என்று அழைக்கப்பட்டார். கொடுக்கல் வாங்கல் சரியாகிவிட்டது என்றே கொள்ளலாம்.

பள்ளியில் அவர் ஆடியது கால்பந்து. கோல் காக்கும் வேலை. பள்ளிக் கிரிக்கெட் அணிக்கு விக்கெட் காக்க ஆள் தேவைப்பட்டபோது, விளையாட்டு ஆசிரியர் கேசவ் ரஞ்சன் பானர்ஜி இந்தச் சிறுவனின் கைகளைப் பார்த்து அவனை அழைத்து நிறுத்தினார். பின்னர் 2001 முதல் 2003 வரை கரக்பூரில் இரயில்வே டிக்கெட் பரிசோதகர் வேலை. 2004 டிசம்பர் 23 அன்று சிட்டகாங்கில் இந்தியாவுக்காக ஆடிய முதல் ஒருநாள் ஆட்டத்தில் ஓர் ஓட்டமும் எடுக்காமல் ‘ரன் அவுட்’ ஆனார். நான்கு மாதங்களுக்குள், 2005 ஏப்ரலில், விசாகப்பட்டினத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக 148 ஓட்டங்கள். அன்றிலிருந்து அவர்மேல் விழுந்த வெளிச்சம் அவரை விட்டு நீங்கவில்லை.

2007-ஆம் ஆண்டை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவ்வாண்டு மார்ச் 17 அன்று உலகக் கோப்பைப் போட்டியில் இந்திய அணி வங்காளதேசத்திடம் தோற்றது. தோனி எடுத்தது சுழி. ராஞ்சியில் அவர் கட்டிக்கொண்டிருந்த வீட்டின்மீது ஒரு கூட்டம் பாய்ந்து சேதம் விளைவித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 24 அன்று ஜோகனஸ்பர்க்கில், அவர் தலைமையில் இந்தியா பாகிஸ்தானை 5 ஓட்டங்களில் வென்று இருபது ஓவர் உலகக் கோப்பையைக் கைப்பற்றியது. அதே ராஞ்சியின் வீதிகளில் வெடியும் மேளமும்! இடையில் கழிந்தவை ஆறு மாதங்கள். அந்த ஆறு மாதங்களில் அவர் குணம் கெட்டுப்போய்த் திருந்தவில்லை. ஒழுக்கம் குன்றி உயரவில்லை. ஒரு பந்து மட்டையில் சரியாகப் படாமற்போனது. வேறொரு நாள் எதிரணியின் ஒரு பந்து நம் ஆள் கையில் விழுந்தது. கல்லெறிந்த கையும் மாலை தொடுத்த கையும் ஓரூர்க் கைகளே.

மக்களை மட்டும் நோவதற்கில்லை. இருபத்து நான்கு மணி நேரமும் செய்தி சொல்லியாக வேண்டிய தொலைக்காட்சிக்கு, தோல்வி என்றால் குற்றவாளி வேண்டும். வெற்றி என்றால் தெய்வம் வேண்டும். ‘இன்று எதிரணி நன்றாக ஆடியது’ என்னும் உண்மையை வைத்து இரவு ஒன்பது மணி நிகழ்ச்சியை நடத்த இயலாது. ‘தெய்வம்’ என்று உவமைக்காகச் சொல்லவில்லை. 2013 ஏப்ரலில் ஒரு வணிக இதழ் தோனியைத் திருமாலாகவே அட்டையில் வரைந்து, கைகள் தோறும் விற்பனைப் பொருள்களைக் கொடுத்தது. ஒரு கையில் செருப்பு வகையும் இருந்தது. வரைந்தது இதழ், வழக்குப் பாய்ந்தது ஆட்டக்காரர் மேலும். சமய உணர்வைப் புண்படுத்தினார் என்று அனந்தப்பூர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, அவரைப் பிடித்துவரும் ஆணையும் பிறந்தது. உச்ச நீதிமன்றம் 2017-இல் அவ்வழக்கைத் தள்ளியது. பிறர் வரைந்த படத்துக்கு ஒருவர் நான்காண்டுக் காலம் விடை சொல்ல வேண்டியிருந்தது.

இக்காலத்தில் கல்லெறிய வீதிக்குப் போக வேண்டுவதில்லை. கையில் உள்ள கைப்பேசியே போதும். 2021 அக்டோபர் 24 அன்று துபாயில் பாகிஸ்தானிடம் இந்திய அணி தோற்றபோது, பதினொருவரும் தோற்றிருக்க, முகம்மது ஷமி ஒருவரை மட்டும் அவர் சமயத்தைச் சொல்லி வைதனர். ஆறு நாள் கழித்து அணித் தலைவர் விராட் கோலி பத்திரிகையாளர் முன் அமர்ந்து, அவ்வாறு வைதவர்களை வெளிப்படையாகக் கண்டித்தார். அதற்காக அவருடைய கைக்குழந்தையையும் விட்டுவைக்காமல் மிரட்டல் எழுந்தது. ஈராண்டுக்குப்பின், 2023 உலகக் கோப்பையின் அரையிறுதியில் ஷமி 57 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகள் வீழ்த்தினார். அப்போட்டித் தொடர் முழுவதிலும் 24 விக்கெட்டுகள், யாரினும் மிகுதி. வைதவர் பலர் அன்று கை தட்டியிருப்பர். எவரும் மன்னிப்புக் கேட்டதாகச் செய்தி படித்த நினைவு நமக்கில்லை.

வசைக்குச் சொன்னது போலவே புகழுக்கும் சொல்ல வேண்டும். புகழ் விலைக்குப் போகும் பொருள். டெல்லியை அடுத்த நொய்டாவில் அம்ரபாலி என்னும் நிறுவனம் அடுக்குமாடி வீடுகள் கட்டி விற்றது. அதன் விளம்பர முகம் தோனி. பணத்தைக் கட்டியவர்கள் வீட்டுக்காகவும் நிறைவேறாத வசதிகளுக்காகவும் காத்திருந்து சலித்து, 2016 ஏப்ரலில் இணையத்தில் தோனியையே விளித்து முறையிட்டனர். அவர் அப்பொறுப்பிலிருந்து விலகினார். 2019 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்நிறுவனத்தின் பதிவை நீக்கி, எஞ்சிய கட்டடங்களை அரசு நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தது. வீட்டுக்குக் காத்திருந்தோர் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர். பணி ஓய்வுப் பணத்தில் ஒரு ‘பிளாட்’ வாங்கிவிடலாம் என்று கணக்குப் போடும் நம்மவர்க்கு இதன் சூடு விளங்கும். தோனி ஏமாற்றினார் என்று நாம் கூறவில்லை. தமக்குச் சேர வேண்டிய பணம் வரவில்லை என்று அவரும் நீதிமன்றம் சென்றவரே. ஆனால் விக்கெட்டின் பின்னே மின்னலெனச் செயற்படும் கைகளுக்கும், கட்டட உரிமத்தின் உண்மைக்கும் என்ன உறவு? அந்த உறவை உண்டாக்கியது விளம்பரம். அதனை நம்பியவர்கள் நாம்.

சட்டம் பின்னர் விழித்துக்கொண்டது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொய்யான விளம்பரத்தில் தோன்றும் புகழாளர்க்கும் 10 இலட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் தவறினால் 50 இலட்சம் வரையிலும் தண்டம் விதிக்க வழி செய்தது. அப்பொருளின் உண்மையை முறையாக விசாரித்தறிந்தவர்க்கு விலக்குண்டு. இந்த விசாரணையைச் சட்டத்துக்கு முன்பே மனத்தளவில் நடத்தியவர்களும் இருந்தனர். 2001-இல் பர்மிங்காமில் அகில இங்கிலாந்துப் பூப்பந்துப் பட்டம் வென்ற கோபிசந்த், பெயர்பெற்ற குளிர்பான நிறுவனம் ஒன்று விளம்பரத்துக்கு அழைத்தபோது, உடலுக்கு நன்மை தராததைப் பிள்ளைகளுக்கு விற்க மறுத்தார். அத்தொகையை வேண்டாமென்ற நாளில் அவர் செல்வந்தராக இருந்தவர் அல்லர். பிற்காலத்தில் ஐதராபாத்தில் அவர் நடத்திய பயிற்சிக்கூடத்திலிருந்தே சாய்னாவும் சிந்துவும் ஒலிம்பிக் பதக்கம் பெற்றனர். அவர் படம் நம் வீட்டுச் சுவர்களில் அருமையாகவே காணப்படுகின்றது.

தோனியிடம் நாம் ஒப்பாத ஒன்றும் உண்டு. அதையும் மறைக்காது சொல்வோம். 2013 மே மாதம் ஐ.பி.எல். போட்டிகளில் சூதாட்டப் புகார் எழுந்து, அவர் தலைமை தாங்கிய சென்னை அணியின் நிர்வாகத்தோடு தொடர்புடையவரே கைதானார். இங்கிலாந்து செல்லுமுன் பத்திரிகையாளர் சந்திப்பில் வினாக்கள் அடுத்தடுத்து வீசப்பட்டன. தோனி புன்னகையோடு வாய் திறவாதிருந்தார். அவர்மீது குற்றச்சாட்டு ஒன்றுமில்லை. வாரியம் பேசவேண்டாம் என்றிருக்கலாம். எனினும், அணியை நேசித்த சிறுவர்கள் குழம்பி நின்ற நேரம் அது. ஆட்டத்தில் சூது தகாது என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம் என்பதே நம் கருத்து. 2015-இல் அந்த அணிக்கு ஈராண்டுத் தடை விதிக்கப்பட்டது. அவர் அது குறித்து மனம் திறந்து பேசியது 2019-இல்தான். வேண்டாத வெளிச்சத்துக்கு முன் மௌனம் அழகு. வேண்டிய இடத்தில் அதே மௌனம் குறையாகிவிடும். இவ்விரண்டும் ஒருவரிடமே இருக்கின்றன என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் விளக்கலாம். அவர்கள் நாம் எண்ணுவதைவிடத் தெளிவானவர்கள்.

நம் காலனியில் பத்தாம் வகுப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பயிற்சிக்கூடம் செல்லத் துடிக்கும் சிறுவர்கள் இருக்கின்றனர். கேட்டால், ‘தோனி இரயில்வே வேலையையே விட்டவர்’ என்கின்றனர். 2016-இல் வெளிவந்த அவர் வாழ்க்கைத் திரைப்படம் அப்படித்தான் மனத்தில் பதிந்திருக்கின்றது. அதன் தயாரிப்பில் பங்குகொண்டவர், அவருடைய வணிக அலுவல்களைக் கவனித்த நண்பரே என்பதையும் கருத வேண்டும். வேலையை விட்ட காட்சி மனத்தில் நிற்கின்றது. அதற்குமுன் பரிசோதகராகப் பணியாற்றியபடியே இரயில்வே அணிக்கும் மாநில அணிக்கும் ஆடிய ஆண்டுகள் திரையில் விரைந்து ஓடிவிடுகின்றன. வேலையை விட்டு, அணியிலும் இடம்பெறாமற் போனவர்களைப் பற்றி யாரும் படம் எடுப்பதில்லை. ஆதலின் அவர்கள் எத்தனை பேர் என்பது சிறுவர்க்குத் தெரிவதுமில்லை. கனவை அடக்குங்கள் என்று பெற்றோர்க்குச் சொல்ல வரவில்லை. தேர்வையும் எழுதட்டும், காலை ஐந்து மணிக்கு மைதானத்துக்கும் போகட்டும். அந்த உழைப்பும் தோனியிடமிருந்து கற்றதுதான். அதைப் படம்பிடிக்க எந்தக் கேமராவும் வரவில்லை.

முடிப்பதற்குமுன், செயற்குழுவின் முன்னுள்ள ஒரு பொருள் பற்றி. அடுத்த ஆண்டு நம் விளையாட்டு விழாவிற்குப் புகழ்பெற்ற வீரர் ஒருவரை வரவழைத்துப் பரிசளிக்கச் செய்யலாம் என்னும் கருத்து உலவுகின்றது. தனி நன்கொடை திரட்டவும் சில அன்பர்கள் முன்வந்துள்ளனர். வரும் வீரர் நம் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் மைதானத்தில் நின்று ஆடுவாராயின், முதல் நன்கொடை நம்முடையது. பொன்னாடை, புகைப்படம், உடனே ஊர்தி என்பதாயின், அத்தொகைக்கு வேறு வேலைகள் இருக்கின்றன. பந்துவீச்சுப் பயிற்சிக்கு வலை கிழிந்து இரண்டு பருவமாகிறது. பெண்பிள்ளைகள் உடைமாற்ற ஓர் அறை இல்லாமையால், ஏழாம் வகுப்போடு அவர்களுள் பலர் மைதானத்துக்கு வருவதையே நிறுத்திவிடுகின்றனர். பரிசளிக்க ஆள் வேண்டுமெனில், இவ்வூர்ப் பள்ளிகளில் முப்பதாண்டு விசிலடித்து ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர்கள் மூவர் இம்மண்டபத்தின் பின்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுள் ஒருவரை அழைக்கலாம் என்று முன்மொழிகின்றோம். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் இதனை எடுத்துக்கொள்ளுமாறு தலைவர் அவர்களை வேண்டி அமர்கின்றோம். சிறுவர்கள் வேடம் கட்டி நெடுநேரமாகிறது.