மறதி நோயும் நம் குடும்பங்களும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பழங்கதை பேசிச் சிரிக்க வந்த இடத்தில் நோயைப் பற்றிப் பேசப் போகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க.

வீட்டில் பெரியவர்களுக்கு ஞாபகம் தப்பினால், "வயசாயிட்டுல்லா, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இதில் முதன்மையானது அல்சைமர். பெரும்பாலோருக்கு அது முதுமையில் வருவது. ஆனால் நூற்றில் ஒருவருக்கும் குறைவானோருக்கு, மூன்று மரபணுக்களில் ஏதோ ஒன்றில் உள்ள மாற்றத்தால் பரம்பரையாக வருகிறது. நாற்பது, ஐம்பது வயதிலேயே தொடங்கிவிடும்.

எங்கள் வீடு அப்படிப்பட்ட வீடு. மாமாவுக்கு 48 வயதில் வந்தது. அம்மாவுக்கு 51. கணக்குப் போட்டே குடும்பம் நடத்திய அம்மா, பால்காரருக்கு ஒரே நாளில் மூன்று தடவை பணம் கொடுத்தார்கள். ஒருநாள் குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போனவர்களை, ராத்திரி வண்ணார்பேட்டையில் ஒரு ஆட்டோக்காரத் தம்பி அடையாளம் கண்டு கொண்டுவந்து விட்டார். நோயைவிட எங்களைப் படுத்தியது, "வெளிய சொல்லாதீங்க, பிள்ளைக்கு வரன் பாக்கணும்லா" என்ற பேச்சுதான். (தங்கையின் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.)

சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்றார்கள். அது தப்பு. பெற்றோரில் ஒருவரிடம் இந்த மாற்றம் இருந்தாலே போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. வாங்காத பிள்ளை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கவும் முடியாது. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொள்ளலாம். ஆனால் தெரிந்துகொள்வதா வேண்டாமா என்பது அவரவர் உரிமை. சம்பந்தி வீட்டார் கேட்டார்கள் என்று பண்ணுகிற சோதனை இல்லை இது. முன்னும் பின்னும் விவரம் தெரிந்த மருத்துவரின் ஆலோசனை வேண்டும்.

கொலம்பியா நாட்டில் அந்தியோக்கியா மலைப்பகுதியில் ஒரே வம்சாவளியைச் சேர்ந்த சுமார் 6,000 பேரிடையே இந்த நோய் ஓடுகிறது. சூனியம் என்று நம்பியவர்களும் அங்கே உண்டு. டாக்டர் பிரான்சிஸ்கோ லொபேரா 1980-களில் தொடங்கி, 2024-ல் காலமாகும் வரை அவர்களோடு இருந்தார். அவருடைய செவிலியர்கள் வீடு வீடாகப் போனார்கள். குடும்பங்கள் ஒன்றையொன்று அறிந்தபின் வெட்கம் குறைந்தது. உலக ஆராய்ச்சிக்கே அவர்கள் உதவினார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? ஆரியங்காவைத் தாண்டினால் கேரளம். அங்கே 1992-ல் டாக்டர் ஜேக்கப் ராய் இந்திய அல்சைமர் சங்கத்தைத் தொடங்கினார். சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனம் மறதி நோய்க்கென்று தனிச் சேவை நடத்துகிறது. சென்னைக்கும் நமக்கும் ஒரு ராத்திரி ரயில் தூரம். நோயாளியை வைத்துக்கொண்டு அது லேசுப்பட்ட காரியமா? கிராமத்தில் முடியாது என்பவர்களுக்கு, 1981-ல் ஆய்க்குடியில் தொடங்கிய அமர் சேவா சங்கத்தைக் காட்டுவேன். மாற்றுத்திறனாளிகளுக்காக அவர்கள் செய்ததை மறதி நோய்க்கு நாம் ஏன் செய்யக்கூடாது?

செயற்குழுவிடம் நான் கேட்டிருப்பது பெரிய கட்டடம் இல்லை. மாதம் ஒரு ஞாயிறு, கல்லூரியில் ஒரு அறை. குடும்பத்தார் மட்டும் உட்கார்ந்து பேச வேண்டும். நம்மில் இருக்கும் மருத்துவர்களில் ஒருவர் வந்தால் நல்லது. வக்கீல் அண்ணாச்சி ஒருவரும் வேண்டும். கையெழுத்துப் போடும் தெளிவு இருக்கும்போதே பாங்கு, பத்திரக் காரியங்களை முடித்துவிட வேண்டும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொண்டுவரும் சகோதரிகளிடம் மறதியைப் பற்றியும் தயங்காமல் சொல்லுங்கள்.

மாணவத் தம்பி தங்கைகளிடம் கேட்பது வாரம் இரண்டு மணி நேரம். இருட்டுக்கடை அல்வாவுக்கு வரிசையில் நிற்கிற நேரம்தான்! நோயாளிக்குப் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்தால், பார்த்துக்கொள்ளும் மகளோ மருமகளோ கோயிலுக்கோ கடைக்கோ போய்வருவார்கள். இல்லை, சும்மா படுத்துத் தூங்குவார்கள். எங்கள் வீட்டில் அந்தத் தூக்கம்தான் கிடைக்காமலே போனது.

வாசல் மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. உதவ வருகிறவர்கள் பேரும் போன் நம்பரும் எழுதுங்கள். உதவி வேண்டுகிறவர்கள் பேர் எழுத வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தனியாகப் பாருங்கள், போதும்.